சிரட்டை, பிலாவிலை, கமுகம்பாளை: குட்டிப் பிள்ளைகளோட ஒரு கோடை

தக்கலையிலிருந்து

என் மகனுக்கு ரெண்டு வயசு மூணு மாசம். காலையில கவலை இல்லை, பாட்டாவோட தென்னந்தோப்பைச் சுத்திட்டு வருவான். பதினோரு மணிக்கு மேல வெயில் ஏறிட்டா வீட்டுக்குள்ளதான். அப்பத் தொடங்கும் போன் கேட்டு அழுகை. ஒரு கூடை நிறைய பிளாஸ்டிக் சாமான் கிடக்கு, எதையும் ரெண்டு நிமிஷத்துக்கு மேல தொடமாட்டான்.

போன வாரம் நான் தேங்காய் துருவிட்டிருந்தேன். மாமி கண்ணுள்ள சிரட்டையை எடுத்து, மூணு கண்ணுல மெத்துனு இருக்கிற ஒண்ணைக் கத்தி முனையால குத்தித் திறந்தாங்க. விளிம்பைப் படிக்கல்லுல உரசி மழுக்கி அவன் கையில கொடுத்தாங்க. பின்வாசல்ல, நிழல்ல, அகலமான சருவத்துல மூணு விரல் ஆழத்துக்கு வெள்ளம் ஊத்தி வச்சோம்.

கோரித் தூக்கினான். கண்ணு வழியா நூல் மாதிரி வெள்ளம் இறங்குது. முதல்ல அந்தத் தாரையை உள்ளங்கையில பிடிக்கப் பார்த்தான், நிக்கலை. சிரட்டையைக் கவிழ்த்துப் பார்த்தான், உள்ள எட்டிப் பார்த்தான். மறுபடி கோரினப்போ அவன் விரல் எப்படியோ அடியில அந்தக் கண்ணு மேல போய் உக்காந்துட்டு. தாரை நின்னுட்டு. மூச்சுவிடாம என்னைப் பார்த்தான். விரலை எடுத்தான், வெள்ளம் வந்தது. வச்சான், நின்னது. "போவுது... நிக்கிது..." முக்கால் மணி நேரம் இதேதான். அந்த நேரத்துல நான் புளிக்கறி வச்சு முடிச்சேன், அவனை விட்டு ஒரு கை தூரம்கூட நகராம.

அன்னைக்கு அவன் போன் கேட்கலை. இது மாதிரி உங்க வீட்டுல நடந்ததைச் சொல்லுங்க. கடையில வாங்கித் தர்றது வேண்டாம்.

குலசேகரத்திலிருந்து

அக்கா, பக்கத்துல கமுகு, அதான் பாக்கு மரம், நிக்குதா? பாளை விழுந்தா தூரப் போடாதீங்க. பச்சை காஞ்சுட்டு வர்ற பதத்துல எடுத்து ஓரத்தை வெட்டிக்கணும். அகலமான பக்கத்துல பிள்ளையை உக்கார வச்சு, ஓலைப் பக்கத்தைப் பிடிச்சு முற்றத்துல இழுத்தா போதும். நாமெல்லாம் இப்படி வளர்ந்தவங்கதானே.

ஆனா என் மகளுக்கு ஒண்ணரை வயசு, உக்காந்தா சரிஞ்சு போறா. ரெண்டு தரம் விழுந்து அழுதப்புறம் அவளே வழி கண்டுபிடிச்சா. பாளையில ஒரு தலையணையை வச்சு இவ இழுக்கத் தொடங்கினா. தலையணை போய் தேங்காய் வந்தது, தேங்காய் போய் என் செருப்பு வந்தது. முன்வாசல்ல ஏத்திப் பின்வாசல்ல இறக்குவா, திரும்பக் கொண்டு வருவா. இந்த வயசுல சவாரியைவிடச் சுமை கொண்டு போறதுதான் பிள்ளைங்களுக்கு இஷ்டம்னு எனக்குத் தோணுது. அதுக்கப்புறம் வீட்டுல துவைச்ச துணி எடுத்துட்டுப் போறதும் அவ வேலைதான்.

மார்த்தாண்டத்திலிருந்து

எனக்கு ஒரு கஷ்டமான அனுபவம். மறைக்காமச் சொல்றேன், யாருக்காவது உதவும்.

போன வருஷம் ஏப்ரல்ல கொல்லாமாவு, அதான் முந்திரி மரம், காய்ச்ச நேரம். தோப்புல இருந்து வந்த பச்சை அண்டியை (தோடோட உள்ள முந்திரிக்கொட்டை) ஒரு பாத்திரத்துல போட்டு, "எண்ணு மக்களே"ன்னு மகள்கிட்ட கொடுத்துட்டேன். துணி எடுக்கப் போய் வர்றதுக்குள்ள ஒண்ணைக் கடிச்சுட்டா. அண்டித் தோட்டுல உள்ள எண்ணெய் தோலைப் பொள்ள வச்சிரும். உதடும் ரெண்டு விரலும் கொப்பளிச்சு, மூணு நாள் ஒழுங்கா கஞ்சி குடிக்கலை. என் அம்மச்சி முப்பது வருஷம் அண்டியாபீஸ்ல (முந்திரி ஆலை) தோடு உடைச்சவங்க. அவங்க கை விரலைப் பார்த்து வளர்ந்த நான் அதைப் பிள்ளை கையில கொடுத்தேனேன்னு இப்பவும் மனசு ஆறலை.

பொறுக்கிப் பிரிக்கிற விளையாட்டை நாங்க விடலை, சாமானை மட்டும் மாத்தினோம். சந்தைப் பையைத் தரையில கொட்டிருவேன். உருளைக்கிழங்கு ஒரு கூடை, வழுதலங்காய் (கத்தரிக்காய்) ஒரு கூடை, நேந்திரங்காய் ஒரு கூடை. எல்லாம் அவ வாய்க்குள்ள போகாத பெரிசு. வழுதலங்காயை மட்டும் துணியால துடைச்சுத் துடைச்சு மினுங்க வைப்பா, அதை யாரும் சொல்லிக் கொடுக்கலை.

குளச்சலிலிருந்து

எங்களுக்குக் கடல் வாசல்ல. ஆனா சித்திரை, வைகாசியில குட்டிப் பிள்ளையைக் கரைக்குக் கூட்டிட்டுப் போக மாட்டோம். கள்ளக்கடல் நேரம் அது. காத்தே இருக்காது, திடீர்னு அலை ஏறி வரும். 2024 மே மாசம் லெமூர் கடற்கரையில அஞ்சு மருத்துவ மாணவங்க அலையில சிக்கி உயிர் விட்டதை நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல யார் மறப்பாங்க.

அதனால வள்ளம் வீட்டுக்குள்ள. பழைய கடவத்துல (பெரிய ஓலைக்கூடை) பேரனை உக்கார வச்சா, அகப்பைதான் துடுப்பு. நான் கரையில நின்னு "என்ன மீனு?"ன்னு கேக்கணும். "சாளை!" எந்நாளும் சாளைதான்.

நாகர்கோவிலிலிருந்து

நான் குழந்தைகள் வார்டுல நர்ஸ். மூணாவது மாடி வீடு. முற்றமும் இல்லை, கமுகும் இல்லை.

முதல்ல தக்கலை அக்காவுக்கு: ஒரு கை தூரத்துல இருந்தீங்க பாருங்க, அதை ஒருநாளும் விடாதீங்க. அஞ்சு சென்டிமீட்டர் வெள்ளத்துலகூடச் சின்னப் பிள்ளை மூழ்கிரும், சத்தமும் வராது. விளையாடி முடிச்சதும் சருவத்தைக் கவிழ்த்துருங்க. மஞ்சாடி, புளியங்கொட்டை, நிலக்கடலை, கோலிக்குண்டு மூணு வயசு வரைக்கும் கையில வேண்டாம். மூணு சென்டிமீட்டர் அகலத்துக்குள்ள அடங்கிற எதுவும் தொண்டையில போய் அடைக்கும். முழுக் கடலையைச் சாப்பிடக் கொடுக்கிறதுக்கு அஞ்சு வயசு ஆகட்டும். பொம்மை ரிமோட்டுல இருக்கிற பொத்தான் பேட்டரி எல்லாத்தையும்விட மோசம். விழுங்கிட்டான்னு சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஒரு வயசுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், ரெண்டு வயசுல கூடினா ஒரு மணி நேரம். அதே பிள்ளை ஒரு நாள்ல எல்லாம் சேர்த்து 180 நிமிஷமாவது உடம்பு அசைஞ்சு விளையாடணும். மூணு மணி நேரம்னதும் மலைக்காதீங்க. குலசேகரம் தங்கச்சி மகள் தலையணை இழுத்ததும் அந்தக் கணக்குலதான் வரும்.

எங்க வீட்டுல பால்கனிச் சுவர்தான் பலகை. பழைய பெயின்ட் பிரஷ், ஒரு டம்ளர் வெள்ளம். மகன் வரைவான், வெயில்ல அது மறையும், திரும்ப வரைவான். மறையறதைத்தான் அவன் காத்துட்டு நிப்பான். சங்குப்பூ கிடைச்சா சுடுவெள்ளத்துல ஊற வச்சு ஆறவிட்டுக் கொடுப்பேன். நீலமா இருக்கும். அதுல எலுமிச்சைச் சாறு ரெண்டு சொட்டு விட்டா ஊதாவாகும். சாறு விடுறது மட்டும் அவன் வேலை.

திருவட்டாறிலிருந்து

பிலாவிலையை, அதான் பலா இலையை, யாரும் சொல்லலையே! பழுத்து விழுந்த இலையை நல்லாக் கழுவி, காம்புப் பக்கம் கூட்டிப் பிடிச்சுக் கரண்டி மாதிரி கோட்டணும். பாட்டிமார் ஈர்க்கில் குத்துவாங்க. பிள்ளைக்குன்னா குத்த வேண்டாம், கையாலேயே பிடிச்சுக் காட்டுங்க. என் ரெண்டு பிள்ளைங்களும் கரண்டியில குடிக்காத கஞ்சியை இலையில குடிச்சதுங்க. பாதி மடியில சிந்தும், சிந்தட்டும்.

மறுபடியும் தக்கலையிலிருந்து

பத்து நாள் கழிச்சு வர்றேன். எல்லாருக்கும் நன்றி. மார்த்தாண்டம் அக்கா, நீங்க எழுதினதைப் படிச்ச உடனே பரண்ல காயப் போட்டிருந்த அண்டியைப் பூட்டி வச்சோம். உங்க மகளுக்கு நல்லானதே பெரிய நிம்மதி.

கமுகம்பாளை இவனுக்குப் பிடிக்கலை, சரசரன்னு சத்தம் கேட்டா பயப்படுறான். கொஞ்சம் வளரட்டும். பிலாவிலைக் கஞ்சி ரெண்டு நேரமும் நடக்குது. நாலு நாளா மதியம் போன் ஞாபகம் வர்றதில்லை, நேத்து மட்டும் கேட்டு அழுதான். அழுது முடிச்சதும் அவனே சிரட்டையைத் தேடிப் போனான்.

நேத்து சாயங்காலம் கோடைமழை. பாட்டா ஆணியைக் காய்ச்சி மீதி ரெண்டு கண்ணையும் துளைச்சுக் கொடுத்தாங்க. இறவாரத்துல விழுற மழை வெள்ளத்தைப் பிடிச்சான், மூணு தாரை வந்தது. ஒரு கை சிரட்டையைப் பிடிச்சிருக்கு, இன்னொரு கையில ஒரு விரல்தான் அவனுக்கு நேரா நிக்குது. ஒரு கண்ணை அடைச்சான். பாட்டா விரலைப் பிடிச்சு ரெண்டாவது கண்ணுல வச்சான். அப்புறம் அடுக்களைக்கு வந்து, மாவு பிசைஞ்சிட்டிருந்த என் கையைப் பிடிச்சு இழுத்தான்.