குறிப்பிட்ட எழுத்துகள் அனைத்தும் இடம்பெறும் நீளமான ஆங்கிலச் சொற்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி

ஆங்கிலச் சொற்புதிர்களை அமைக்கும்போது, இரண்டு அல்லது மூன்று எழுத்துகளை முன்னரே முடிவு செய்துகொண்டு, அவை எல்லாம் இடம்பெறும் சொல் ஒன்றைத் தேட வேண்டிய நிலை எனக்கு அடிக்கடி ஏற்படுகிறது. க்யூ, இசட் ஆகிய இரண்டும் சேர்ந்து வரும் சொற்களை நினைவிலிருந்து எழுத முயன்றால் குவிஸ், குவார்ட்ஸ், ஸ்குவீஸ் போன்ற சிறு சொற்களே வந்து நிற்கின்றன. எனக்கு வேண்டியவையோ பத்து எழுத்துகளுக்குக் குறையாத சொற்கள். அகராதி முதலெழுத்தைக் கொண்டு அடுக்கப்பட்டிருப்பதால், சொல்லின் நடுவே ஒளிந்திருக்கும் எழுத்தைத் தேட அது உதவுவதில்லை. சிந்தித்தே கண்டுபிடிக்க ஏதேனும் ஒழுங்கான வழி உண்டா? கணினியில் தேடுவதானால் எதிலிருந்து தொடங்க வேண்டும்?

முதல் பதில்

இரண்டு எழுத்துகளையும் ஒரே நேரத்தில் தேடுவதுதான் இதைக் கடினமாக்குகிறது. ஒன்றைச் சொல்லின் ஈற்றுக்கு ஒதுக்கிவிட்டால், மற்றொன்றை அடிச்சொல்லில் மட்டும் தேடினால் போதும். நீளமான சொற்களில் இசட் பெரும்பாலும் 'ஐஸ்', 'ஐசேஷன்' என்னும் விகுதிகள் வழியாகவே நுழைகிறது. இவற்றுள் 'ஐசேஷன்' தனியாகவே ஏழு எழுத்துகள் கொண்டது. எனவே க்யூ உள்ள அடிச்சொல்லை எடுத்து அதனுடன் இந்த விகுதியைச் சேர்த்துப் பாருங்கள். ஐந்தெழுத்துச் சொல்லான 'ஈக்குவல்' பன்னிரண்டு எழுத்துகள் கொண்ட 'ஈக்குவலைசேஷன்' ஆகிறது. எட்டெழுத்துச் சொல்லான 'டிராங்குவில்' பதினைந்து எழுத்துகளுக்கு நீள்கிறது. 'குவான்டைசேஷன்' என்பதும் பன்னிரண்டு எழுத்துகள் கொண்டதே.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பிரிட்டனில் பலர் இந்த விகுதியில் இசட்டுக்குப் பதிலாக எஸ் எழுதுகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிகள் இசட் வடிவத்தை முதன்மையாகக் கொள்கின்றன என்றாலும், உங்கள் வாசகர்கள் எஸ் எழுதப் பழகியவர்களாக இருந்தால் புதிரின் விடையே அவர்களுக்குப் பிழையாகத் தோன்றும். எந்த எழுத்துமுறையைப் பின்பற்றுகிறீர்கள் என்பதைப் புதிரிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எக்ஸ் எழுத்துக்கு இத்தகைய வளமான விகுதி இல்லை. அது பெரும்பாலும் சொல்லின் முன்னொட்டிலோ வேரிலோ இருக்கும். அதனால் எக்ஸ் உள்ள சொல்லை முதலில் கண்டுபிடித்துவிட்டு, நீளத்தை ஈற்றில் கூட்ட வேண்டும். க்யூவும் எக்ஸும் உள்ள ஒன்பதெழுத்துச் சொல்லான 'எக்ஸ்குவிசிட்', 'னெஸ்' விகுதியைப் பெற்றால் பதின்மூன்று எழுத்துகளாகிறது. எக்ஸும் இசட்டும் வேண்டுமானால் 'கான்டெக்ஸ்சுவலைசேஷன்' பதினேழு எழுத்துகள் தரும். அதன் முன்னே 'டீ' சேர்த்தால் பத்தொன்பது. ஜேயும் எக்ஸும் வேண்டுவோருக்கு 'ஜக்ஸ்டபொசிஷன்' இருக்கிறது. அதுவும் பதின்மூன்று எழுத்துகள் கொண்டது. க்யூவும் ஜேயும் சேரும் இணைதான் மிகக் கடினமானது. 'ஜாக்கார்ட்', 'ஜான்குவில்' ஆகியவை எட்டு, ஏழு எழுத்துகளுடன் நின்றுவிடுகின்றன. அவற்றை நீட்டவும் எளிதில் இயலாது.

இரண்டாம் பதில்

கணினி வழியைப் பற்றி எழுதுகிறேன். யூனிக்ஸ் வகை இயங்குதளங்கள் பலவற்றில் 'வேர்ட்ஸ்' என்ற பெயரில், ஒரு வரிக்கு ஒரு சொல்லாக அமைந்த கோப்பு ஒன்று இருக்கும். கொடுத்த எழுத்து உள்ள வரிகளை மட்டும் எடுத்துத் தரும் 'கிரெப்' கட்டளையைத் தேவையான ஒவ்வோர் எழுத்துக்கும் ஒருமுறை இயக்கி, ஒன்றின் விளைவை அடுத்ததற்கு உள்ளீடாக அனுப்பினால், எல்லா எழுத்துகளும் உள்ள சொற்கள் மட்டும் எஞ்சும். அவற்றை நீளத்தின்படி வரிசைப்படுத்திக்கொள்ளலாம். பெரிய எழுத்தில் தொடங்கும் சிறப்புப் பெயர்களை முதலிலேயே நீக்கிவிடுங்கள். இல்லையெனில் ஊர்ப் பெயர்களும் ஆட்பெயர்களும் பட்டியலை நிறைத்துவிடும்.

நூற்றுக்கணக்கான எழுத்துக் கூட்டங்களைச் சோதிக்க நினைத்தால், ஒவ்வொரு சொல்லையும் 26 பிட்டுகள் கொண்ட ஓர் எண்ணாக மாற்றி வைத்துக்கொள்வது சிறந்தது. சொல்லில் ஓர் எழுத்து இருந்தால் அதற்குரிய பிட் ஒன்று, இல்லையென்றால் சுழியம். வேண்டிய எழுத்துகளையும் அப்படியே எண்ணாக்கி, இரண்டுக்கும் 'அண்ட்' செயலை (இரண்டு எண்களிலும் ஒன்று உள்ள இடங்களில் மட்டும் ஒன்றைத் தருவது) செய்தால், வேண்டிய எண்ணே திரும்பக் கிடைக்கும் சொற்கள்தான் விடைகள். ஓர் எழுத்து இருமுறை வர வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் இந்த முறை அறியாது. அதற்கு எழுத்துகளின் எண்ணிக்கையைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

கேட்டவரின் மறுமொழி

இரு பதில்களுக்கும் மிக்க நன்றி. எழுத்துகள் நான் கொடுத்த வரிசையிலேயே வர வேண்டும் என்றால் தேடலை எப்படி மாற்றுவது? எந்தச் சொற்பட்டியலை நம்பலாம்?

மூன்றாம் பதில்

வரிசை முக்கியம் என்றால், கிரெப்புக்குக் கொடுக்கும் தேடல் வடிவில் ஒவ்வோர் எழுத்துக்கும் இடையே ஒரு புள்ளியையும் ஓர் உடுக்குறியையும் இடுங்கள். இடையில் எத்தனை எழுத்துகள் வந்தாலும் அது ஏற்றுக்கொள்ளும். ஐந்து உயிரெழுத்துகளும் அகரவரிசையில் ஒவ்வொன்றும் ஒரு முறை மட்டுமே வரும் 'ஃபெசீஷியஸ்', 'அப்ஸ்டீமியஸ்' ஆகியவற்றையும், அவை தலைகீழ் வரிசையில் வரும் 'சப்கான்டினென்டல்' என்பதையும் இப்படித்தான் பிடிக்க முடியும். இடையில் எதையும் இடாவிட்டால் அடுத்தடுத்து நிற்கும் எழுத்துகள் கிடைக்கும். ஆறு மெய்யெழுத்துகள் தொடர்ந்து நிற்கும் 'கேட்ச்ஃபிரேஸ்' அத்தகையது.

பட்டியலைத் தேர்ந்தெடுக்கும்போது அது எதற்காகத் தொகுக்கப்பட்டது என்று பாருங்கள். ஸ்கிராபிள் பலகையில் ஒரு வரிசைக்குப் பதினைந்து கட்டங்களே இருப்பதால், அந்த விளையாட்டுக்கான பட்டியல்கள் பதினைந்து எழுத்துகளோடு முடிந்துவிடுகின்றன. மேலே சொன்ன பதினேழெழுத்துச் சொல் அவற்றில் கிடைக்காது. பொதுவுடைமையாக வெளியிடப்பட்ட 'எனேபிள்' பட்டியலில் 1,70,000-க்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன; நீண்ட சொற்களும் அதில் இடம்பெற்றுள்ளன. உங்கள் வேலைக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

மற்றொன்றையும் கவனியுங்கள். மிக நீளமான சொற்களை மட்டும் தொகுத்து வைத்தால் அரிய எழுத்துகள் தாமாக வந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். 1935-இல் உருவாக்கப்பட்ட, 'நியூமோனோ' என்று தொடங்கும் நுரையீரல் நோயின் பெயர் 45 எழுத்துகள் நீளமுடையது. ஆனால் அதில் வெவ்வேறான எழுத்துகள் பதினான்கு மட்டுமே, க்யூ, இசட், ஜே, எக்ஸ் ஆகியவற்றில் ஒன்றுகூட இல்லை. மாறாக, 'அன்காப்பிரைட்டபிள்' என்னும் பதினைந்தெழுத்துச் சொல்லில் ஓர் எழுத்தும் இரண்டாம் முறை வருவதில்லை. எனவே நீளத்தோடு, வெவ்வேறான எழுத்துகளின் எண்ணிக்கையையும் ஒரு தனி நெடுவரிசையில் குறித்து, அந்த நெடுவரிசையின்படியே பட்டியலை முதலில் வரிசைப்படுத்துங்கள்.