ஐ.எம்.எஃப். கையெழுத்து ஹோட்டலிலா, வாஷிங்டனிலா?

பழங்கணக்கு: "மவுண்ட் வாஷிங்டன் ஹோட்டலில் போட்ட கையெழுத்தில்தான் ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) பிறந்தது" என்று தென்றல் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 1944 ஜூலை 22 அன்று அந்த ஹோட்டல் இருக்கும் அமெரிக்காவின் பிரெட்டன் வூட்ஸில் கையெழுத்தானது, நிதியத்தை அமைக்கக் கூடிய மாநாட்டின் இறுதி ஆவணம். நிதியத்தை நிறுவிய ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்தது 1945 டிசம்பர் 27, வாஷிங்டன் நகரில். ஹோட்டல் பெயரில் வாஷிங்டன் இருந்தால் அது தலைநகரம் ஆகிவிடுமா?

தென்றல்: 44 நாடுகள், எழுநூறுக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள், மூன்று வாரம். காலைச் சாப்பாட்டிலும் அதே முகம், ராத்திரி வராந்தாவிலும் அதே முகம். மலையடிவாரத்தில் அப்படி அடைத்து வைத்ததால்தான் பேச்சு முடிந்தது. டிசம்பரில் கையெழுத்தானதும் அங்கே எழுதிய அதே வாசகம்தானே?

பழங்கணக்கு: நான் கேட்டது கையெழுத்து. சோவியத் ஒன்றியம் ஹோட்டலில் கையெழுத்துப் போட்டது, ஆனால் நிதியத்தில் சேரவே இல்லை. இப்போது சொல்லுங்கள், எது கையெழுத்து?

மரகதம்: போர்க்காலத்தில் மூடிக்கிடந்த ஹோட்டல் அது. அவசர அவசரமாகப் பெயின்ட் அடித்துத் திறந்தார்கள். பிரிட்டன் பொருளாதார மேதை கெய்ன்ஸ் மாடிப்படியில் வேகமாக ஏறி நெஞ்சுவலியில் படுத்தார். அதைப் பற்றிப் பேசுவோமா?

பழங்கணக்கு: பேசலாம், தேதியை ஒப்புக்கொண்ட பிறகு.

கொங்கு மைந்தன்: எங்கள் கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியார் தலைமையில் இந்தியக் குழு போனதை ஒருத்தரும் சொல்லவில்லையே!

பழங்கணக்கு: தலைமை ஜெரமி ரெய்ஸ்மன். செட்டியார் உறுப்பினர். தேஷ்முக்கும் ஷ்ராஃபும் கூட இருந்தார்கள்.

கொங்கு மைந்தன்: வெள்ளைக்காரர் தலைவர் என்றால் எங்கள் ஆள் வாயை மூடிக்கொண்டா இருந்தார்? பிரிட்டன் நமக்குத் தரவேண்டிய ஸ்டெர்லிங் பாக்கியைச் சபையில் கிளப்பியது இந்தியர்கள். நிதியத்தில் சீனாவுக்கு 55 கோடி டாலர் ஒதுக்கீடு, நமக்கு 40 கோடி என்று பொருமியதும் அவர்கள்தான். எங்கள் ஊர்க்காரரை மட்டம் தட்டுவதே உங்களுக்கு வேலை.

பழங்கணக்கு: மட்டம் தட்டவில்லை, திருத்தினேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

தென்றல்: சென்ற மாதம் வெர்சாய் ஒப்பந்தம் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் ஒரே தேதியைப் பிடித்துத் தொங்கினீர்கள். பேச்சுவார்த்தை நடந்த இடத்துக்கு மதிப்பே இல்லையா?

பழங்கணக்கு: வெர்சாயிலும் நான் சொன்னதுதான் சரி. கேள்வி அப்படியே நிற்கிறது: டிசம்பர் 27 அன்று கையெழுத்துப் போட்டவர்கள் எந்த ஊரில் இருந்தார்கள்?

தென்றல்: ஜூலையில் எங்கே இருந்தார்கள் என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள்.

பழங்கணக்கு: டிசம்பர் 27.