மக்கள் செயல் கட்சி (மசெக) வலதுசாரிக் கட்சியா?

செங்காங் செல்வம்:
நேற்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்: "லீ குவான் யூ அசல் வலதுசாரி. ஜெயரத்தினம் இடதுசாரி. சிங்கப்பூர் அரசியல் இவ்வளவுதான்." முன்னவர் மசெக தலைவர், நம் முதல் பிரதமர்; பின்னவர் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் தலைவர். படித்ததும் எரிச்சல் தாங்கவில்லை. மசெக ஆட்சியில் 1960ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தை (வீவக) தொடங்கினார்கள். 1966ல் நிலம் கையகப்படுத்தும் சட்டம் வந்தது. பிறகு சந்தை விலைக்குக் குறைவான இழப்பீட்டில் கம்பங்கள் என்ற கிராமங்களையும் தோட்டங்களையும் எடுத்தார்கள். இன்று முக்கால்வாசிப் பேர் வீவக வீட்டில் இருக்கிறோம். எந்த ஊர் வலதுசாரி, தனியார் நிலத்தை எடுத்து வீடு கட்டிக் கொடுத்திருக்கிறான்? இந்த இரண்டு முத்திரையும் நமக்கு ஒட்டாது.

ஜூரோங்காரன்:
வீடு கட்டிவிட்டால் ஆயிற்றா? 1963 பிப்ரவரி 2, ஆப்பரேஷன் கோல்ட்ஸ்டோர். நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விசாரணையில்லாமல் உள்ளே வைத்தார்கள். லிம் சின் சியோங், மசெகவிலிருந்து பிரிந்த அவருடைய பாரிசான் சோஷலிஸ் கட்சிக்காரர்கள், தொழிற்சங்கக்காரர்கள் என்று பிடிபட்டவர்கள் பெரும்பாலும் எந்தப் பக்கம்? 1976ல் உலக சோஷலிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான சோஷலிஸ்ட் இன்டர்நேஷனலே மசெகவை வெளியேற்றியது. உலகத்து சோஷலிஸ்டுகள் வேண்டாம் என்ற கட்சிக்கு நீங்கள் வக்காலத்து வாங்குகிறீர்கள்.

செங்காங் செல்வம்:
வெளியேற்றவில்லை. விலகியது. நெதர்லாந்துத் தொழிற்கட்சி நீக்கச் சொல்லிக் கிளப்பியது உண்மை. நீக்குவதற்கு முன்பே மசெக தானே விலகிவிட்டது. கட்சியின் பதிலை லண்டனில் சொன்னவர் நம் தொழிற்சங்கத் தலைவர் தேவன் நாயர். தெரியாமல் பேசாதீர்கள்.

ஜூரோங்காரன்:
கழுத்தைப் பிடித்துத் தள்ள வருகிறார்கள் என்று தெரிந்து வாசற்படி தாண்டினால் அது விலகலா? நல்ல கதை.

உட்லண்ட்ஸ் வாசகி:
ஒரு நிமிடம். இடது வலது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள், பொருளாதாரத்தையா, தனிமனித உரிமையையா? ஆண்களின் ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை 2022ல் நீக்கினார்கள். அதே கையோடு, திருமணத்தின் வரையறையை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி அரசமைப்பைத் திருத்தினார்கள். இது எந்தப் பக்கம்? முதலில் அளவுகோலைச் சொல்லுங்கள்.

செங்காங் செல்வம்:
அக்கா, அதைப் பிறகு பார்க்கலாம். 1976 விஷயம் முடியவில்லை. விலகியது என்றால் விலகியதுதான். தீர்மானம் நிறைவேறியதா? இல்லை. அப்புறம் எப்படி "வெளியேற்றியது" என்று எழுதுகிறார்?

தேக்கா தம்பி:
செல்வம் அண்ணன் போன மாதம் காமராஜரை வலதுசாரி என்று எழுதியவர்தானே? 1955ல் ஆவடியில் காங்கிரஸ் சோஷலிச மாதிரிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டபோது தமிழ்நாட்டு முதலமைச்சர் யார்? அன்றைக்குக் கேட்டேன், இன்றுவரை பதில் இல்லை. முத்திரை கூடாது என்று இப்போது உபதேசம்.

செங்காங் செல்வம்:
தம்பி, காமராஜரை ராஜாஜியோடு வைத்துப் பார்க்காதீர்கள் என்றுதான் அன்றைக்கு எழுதினேன். படித்துவிட்டுப் பேசுங்கள். நீங்கள் வேலைக்கு வந்த ஊர் இது. நாங்கள் பிறந்து வளர்ந்த ஊர். கேலாங் கம்பத்தில் வளர்ந்த என் அப்பா துறைமுகத் தொழிற்சங்கத்தில் இருந்தவர். அவர் கையால் நிரப்பிய சந்தாப் புத்தகம் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. தொழிலாளி என்றால் என்ன என்று எனக்குப் பாடம் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் சம்பளச் சீட்டைப் பாருங்கள். 55 வயதுவரை நூற்றுக்கு 20 வெள்ளி (டாலர்) மத்திய சேமநிதிக்குப் போகிறது, முதலாளி 17 போடுகிறார். அந்தப் பணத்தை வைத்து வீடு வாங்குகிறோம், மருத்துவமனைக் கட்டணம் கட்டுகிறோம். பெயர் சேமிப்பு, ஆனால் கட்டாயம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் பெரும்பங்கு முதலீட்டு நிறுவனமான தெமாசெக்கிடம், தெமாசெக் நிதியமைச்சிடம். இது முதலாளித்துவமா? மறுபக்கம், 2008ல் இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்துக்கான வரியை எடுத்தார்கள், 2024ல் ஜிஎஸ்டியை 9 விழுக்காடாக்கினார்கள். பணக்காரனுக்கும் துப்புரவாளருக்கும் கடையில் ஒரே வரி. அதே அரசாங்கம் துப்புரவாளருக்குப் படிப்படியாக உயரும் சம்பள முறையையும் கொண்டுவந்தது. இவ்வளவையும் ஒரே சொல்லில் அடைக்க முடியுமா? அடைப்பவர்களுக்கு நம் ஊர் தெரியாது.

ஜூரோங்காரன்:
நீளமாக எழுதினால் உண்மையாகிவிடாது. 1976ல் தள்ளினார்கள்.

செங்காங் செல்வம்:
விலகியது.

தேக்கா தம்பி:
"வேலைக்கு வந்த ஊர்" என்று சொன்னதைக் குறித்துக்கொண்டேன் அண்ணா. ஜிஎஸ்டி நானும்தான் கட்டுகிறேன்.

உட்லண்ட்ஸ் வாசகி:
என் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

ஜூரோங்காரன்:
சரி, தேவன் நாயர் என்றீர்களே. பிரிட்டிஷ்காரனிடம் இரண்டு முறை சிறைப்பட்ட தொழிற்சங்கவாதி. 1981ல் அதிபரானதும் காலியான ஆன்சன் தொகுதியில் என்ன நடந்தது? ஜெயரத்தினம் ஜெயித்தார். பிளேர் பிளெயின் துறைமுகக் குடியிருப்பைக் காலி செய்யச் சொன்ன கோபத்தில் தொழிலாளர்களே மசெகவுக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள். உங்கள் "இடதுசாரி" அரசாங்கத்துக்குத் தொழிலாளர் கொடுத்த தீர்ப்பு அது.

செங்காங் செல்வம்:
நான் எப்போது இடதுசாரி என்றேன்? இரண்டும் இல்லை என்றுதானே தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்! ஆன்சன் வீட்டுப் பிரச்சினை. இன்னொரு வீடு கிடைக்குமா என்ற கவலையில் விழுந்த ஓட்டு. அதில் கொள்கை எங்கே வந்தது?

ஜூரோங்காரன்:
வீடு கட்டினால் மட்டும் அது கொள்கை, வீட்டைக் காலி செய்யச் சொன்னால் வெறும் பிரச்சினையா?

செங்காங் செல்வம்:
ஜெயரத்தினம் வழக்கறிஞர், நீதிபதியாகவும் இருந்தவர். அவரைத் தொழிலாளர் தலைவராக்காதீர்கள்.

தேக்கா தம்பி:
லீ குவான் யூவும் வழக்கறிஞர்தான் அண்ணா. அஞ்சல்காரர்கள் வேலைநிறுத்தத்தில் அவர்களுக்காக நின்றுதான் பெயர் வாங்கினார்.

செங்காங் செல்வம்:
அது 1952. அதை வைத்துத்தான் சொல்கிறேன், தொடக்கமே தொழிற்சங்கம்! இப்போது ஜூரோங்காரன் சொல்லட்டும், அவரை வலதுசாரி என்று எழுதியது சரியா?

ஜூரோங்காரன்:
1952ல் தொழிற்சங்கம், 1963ல் அதே தொழிற்சங்கக்காரர்களுக்குச் சிறை. நான் ஏன் என் கருத்தை மாற்ற வேண்டும்?