ஐக்கல் இருப்பாரா, போவாரா?

குழு: சேபர்ஸ் குடும்பம் (அமெரிக்காவின் பஃபலோ நகர ஐஸ் ஹாக்கி அணி சேபர்ஸின் ரசிகர்கள்; ஜாக் ஐக்கல் அதன் நட்சத்திர வீரர்)

*வியாழன், 23 செப்டம்பர் 2021*

தம்பி: செய்தி பார்த்தீர்களா? ஐக்கலிடமிருந்து கேப்டன் பதவியை எடுத்துவிட்டார்கள்!

அத்தை: ஏன்? அந்தப் பிள்ளை என்ன தப்பு செய்தான்?

அண்ணா: தப்பு எதுவும் இல்லை அத்தை. கழுத்துக் காயத்தால் உடல் தகுதிச் சோதனையில் தேறவில்லை. காயப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். கேப்டன் இனி அவர் இல்லை என்று அணியின் பொது மேலாளர் கெவின் ஆடம்ஸ் சொல்லிவிட்டார்.

பெரிய மாமா: அப்படியானால் டிரேட் உறுதி, வேறு அணிக்கு மாற்றிவிடுவார்கள். எரிக் லின்ட்ரோஸுக்கு இதேதான் நடந்தது. சிகிச்சை விஷயத்தில் தன் அணி ஃபிலடெல்ஃபியாவோடு சண்டை, 2000 மார்ச்சில் கேப்டன் பதவி போயிற்று, அடுத்த சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்திருந்தார். 2001 ஆகஸ்டில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்கு அனுப்பிவிட்டார்கள்.

தம்பி: மாமா, ஐக்கலுக்கு 24 வயதுதான். இரண்டு வருடம் முன்னால் 68 ஆட்டத்தில் 36 கோல், கோலுக்கு உதவியதும் சேர்த்து 78 புள்ளி. இப்படி ஒரு சென்டரை (நடுவில் ஆடும் முன்வரிசை வீரரை) எந்த அணியாவது விடுமா? கழுத்து அறுவைக்குச் சம்மதம் சொன்னால் போதும், அவர் இங்கேயே இருப்பார்.

பெரிய மாமா: அவர் கேட்கும் அறுவைக்கா, இவர்கள் சொல்லும் அறுவைக்கா? எல்லாம் அங்கேதான் நிற்கிறது.

நான்: அக்கா, கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்களேன். இந்த இரண்டு அறுவைக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு இன்னும் தெளிவாகப் புரியவில்லை.

அக்கா: வேலை முடிந்து எழுதுகிறேன்.

அக்கா: சரி, கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள். கழுத்து எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி வட்டுகள் இருக்கின்றன. மார்ச் 7 அன்று ஐலண்டர்ஸ் ஆட்டத்தில் விழுந்த அடியில் ஐக்கலுக்கு அதில் ஒன்று பிதுங்கிவிட்டது. பிதுங்கிய வட்டு நரம்பை அழுத்தினால் கை மரத்துப்போகும், பிடியில் பலம் குறையும். முதலில் ஓய்வு, பயிற்சி என்று மூன்று மாதம் போல் பார்த்தார்கள். சரியாகவில்லை.

அணி மருத்துவர்கள் சொல்வது, கெட்ட வட்டை எடுத்துவிட்டு மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் ஒன்றாக இணைத்துவிடுவது. பல காலமாகச் செய்துவரும் அறுவை, விளைவுகள் தெரிந்தவை. ஆனால் இணைத்த இடத்தில் அசைவு இருக்காது. அந்தச் சுமையைப் பக்கத்து வட்டுகள் தாங்க வேண்டும். வருடங்கள் போகப் போக அவையும் தேயலாம், இன்னொரு அறுவை தேவைப்படலாம்.

ஐக்கல் கேட்பது செயற்கை வட்டு. கழுத்தின் அசைவு அப்படியே இருக்கும், குணமாகும் காலமும் குறைவு. ஆனால் என்.எச்.எல். (நம் அணி ஆடும் ஐஸ் ஹாக்கி லீக்) வீரர் யாரும் இதுவரை அதை வைத்துக்கொண்டு ஆடியதில்லை. அணி தயங்குவது அதனால்தான்.

அத்தை: கழுத்து அவனுடையது. அவனே பணம் கட்டிச் செய்துகொண்டு வரக்கூடாதா?

அண்ணா: முடியாது அத்தை. வீரர் சங்கமும் லீகும் போட்ட ஒப்பந்தப்படி, இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்க வீரருக்கு உரிமை உண்டு. கடைசி முடிவு அணி மருத்துவருடையது. மீறிச் செய்துகொண்டால் ஒப்பந்தத்தை மீறியதாகச் சொல்லிச் சம்பளத்தில் கை வைக்கலாம். அவருக்கு வருடத்துக்கு 1 கோடி டாலர், இந்த சீசனையும் சேர்த்து இன்னும் ஐந்து வருடம்.

அத்தை: அந்த விதியே சரியில்லை.

அக்கா: எனக்கும் அப்படித்தான் படுகிறது அத்தை. ஆடி முடித்த பிறகு ஐம்பது வருடம் அந்தக் கழுத்தோடு வாழப்போவது அவர்தான்.

பெரிய மாமா: நான் அணிப் பக்கமும் கொஞ்சம் பேசுகிறேன். அமெரிக்கக் கால்பந்து வீரர் பெய்டன் மேனிங் 2011 செப்டம்பரில் இதே போல் கழுத்து எலும்பை இணைத்துக்கொண்டார். அந்த சீசன் முழுக்கப் போயிற்று, இண்டியானாபொலிஸ் அணி அவரை விடுவித்தது. அவரோ டென்வர் அணிக்குப் போய் 2016இல் சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டியையே வென்றார். இணைத்தால் எல்லாம் முடிந்தது என்று இல்லை.

அக்கா: முடிந்தது என்று நானும் சொல்லவில்லை மாமா. மேனிங்குக்கு அப்போது 35 வயது. அவருக்குத் தேவைப்பட்டது இன்னும் சில சீசன்கள். ஐக்கல் இன்னும் பத்து வருடத்துக்கு மேல் ஆட வேண்டியவர். கணக்கே வேறு.

பெரிய மாமா: அது நியாயம்தான்.

*செவ்வாய், 19 அக்டோபர் 2021*

தம்பி: வான்கூவரை 5-2! மூன்று ஆட்டம், மூன்றும் வெற்றி!

நான்: போன மார்ச்சில் 18 ஆட்டம் தொடர்ந்து தோற்ற அணியா இது என்று இருக்கிறது. ரைன்ஹார்ட் இல்லை, ரிஸ்டலைனென் இல்லை, ஐக்கல் இல்லை. ஆனாலும் எல்லோரும் ஓடி ஓடி ஆடுகிறார்கள்.

அண்ணா: இந்த வெற்றிகள் ஆடம்ஸுக்குத் தெம்பு தரும். அவசரப்பட்டு மலிவாக விற்க வேண்டியதில்லை என்று நினைப்பார்.

தம்பி: அப்படியென்றால் டிரேட் இல்லைதானே?

அண்ணா: தள்ளிப்போகும் என்கிறேன். வாங்குகிற அணியின் இடத்தில் நின்று பார். ஒரு அணி தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்துத் தரக்கூடிய சம்பள வரம்பு இந்த சீசன் 8.15 கோடி டாலர். அதில் எட்டில் ஒரு பங்கை, இப்போது ஆட முடியாத ஒருவருக்குத் தர வேண்டும். அதற்கு மேல் பஃபலோ கேட்கும் விலை: நல்ல இளம் வீரர்கள், முதல் சுற்றுத் தேர்வு (புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்றில் ஒருவரை எடுக்கும் உரிமை). அறுவை வெற்றி பெறுமா என்ற பயமும் அவர்களுடையது.

நான்: பஃபலோ அவருடைய சம்பளத்தில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டால்?

அண்ணா: பாதி வரை ஏற்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் ஐந்து வருடமும் ஏற்க வேண்டும். வேறு அணிக்கு ஆடுகிறவருக்கு வருடா வருடம் 50 லட்சம் டாலர் தர இங்கே யாரும் சம்மதிக்க மாட்டார்கள். எனக்கும் சம்மதமில்லை.

பெரிய மாமா: இன்னொன்றை மறந்துவிட்டாய். இந்த சீசன் முடிந்தால் அவருடைய ஒப்பந்தத்தில் ஒரு பூட்டு விழுகிறது. அவர் சம்மதம் இல்லாமல் எங்கும் அனுப்ப முடியாது. இப்போது ஆடம்ஸ் நினைத்த அணிக்கு அனுப்பலாம். அடுத்த கோடையில் ஐக்கல் சொல்கிற அணிக்குத்தான் அனுப்பலாம். அதுவரை காத்திருக்க மாட்டார்கள்.

அண்ணா: ஆமாம் மாமா, அது முக்கியமான விஷயம்.

தம்பி: மாமா, அவர் போக வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுவது போலத் தெரிகிறது.

பெரிய மாமா: இல்லை கண்ணா. உன் வயதில் உனக்கு ஐக்கல் எப்படியோ, எனக்கு அப்படி பாட் லாஃபான்டெய்ன். அவரைப் பார்க்கத்தான் கனடாவிலிருந்து பீஸ் பிரிட்ஜைத் தாண்டி வருவோம். அவரும் நம் கேப்டன். 1996 அக்டோபரில் பிட்ஸ்பர்க் வீரர் ஒருவர் மோதியதில் தலையில் அடி. அந்த சீசனில் 13 ஆட்டம்தான் ஆடினார். இனி ஆட வேண்டாம் என்று அணித் தரப்பு சொன்னது, ஆடுவேன் என்று அவர் நின்றார். 1997 செப்டம்பரில் ரேஞ்சர்ஸுக்கு அனுப்பினார்கள். கிடைத்தது ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வும் ஏதோ பின்னால் தருகிறோம் என்ற பேச்சும்.

தம்பி: அங்கே போய் ஆடினாரா?

பெரிய மாமா: ஆடினார். 67 ஆட்டம், 62 புள்ளி. எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் வயிற்றெரிச்சல். ஆனால் 1998 மார்ச்சில் சொந்த அணிக்காரரோடே மோதி மறுபடி தலையில் அடி. அதோடு ஆட்டம் முடிந்தது. அதனால்தான் மருத்துவர் வேண்டாம் என்றால் என்னால் சட்டென்று கோபப்பட முடிவதில்லை.

அக்கா: மாமா, இரண்டும் ஒன்றில்லை. லாஃபான்டெய்ன் விஷயத்தில் ஆடலாமா கூடாதா என்பதே கேள்வி. இங்கே ஐக்கல் ஆட வேண்டும் என்பதில் இரண்டு பக்கமும் ஒரே எண்ணம். எந்த அறுவை என்பதில்தான் சண்டை. அந்தக் கேள்விக்கு உடம்பின் சொந்தக்காரர் பேச்சுக்கு எடை வேண்டும்.

பெரிய மாமா: அதை ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் போவார் என்கிறேன். இங்கே ஆறு சீசன் ஆடினார், ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட இல்லை. 2011க்குப் பிறகு நம் அணி பிளேஆஃப் பக்கமே போகவில்லை. மே மாதப் பேட்டியிலேயே அணிக்கும் தனக்கும் ஒத்துவரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். மனசு அப்போதே கிளம்பிவிட்டது.

அத்தை: நவம்பர் 8ஆம் தேதி அமெரிக்க எல்லை திறக்கிறது. நாங்கள் வரும்போது யார் இருந்தாலும் சரி, வருகிறோம்.

*வியாழன், 28 அக்டோபர் 2021*

தம்பி: இன்று ஐக்கலுக்குப் பிறந்தநாள். 25.

அத்தை: நல்லா இருக்கட்டும்.

நான்: கால்கரி, வேகாஸ் என்று இரண்டு பெயர் பலமாக அடிபடுகிறது.

அண்ணா: வேகாஸிடம் சம்பள வரம்பில் இடமே இல்லை. ஆனால் ஐக்கல் காயப் பட்டியலில் இருக்கும்வரை அந்தத் தொகைக்கு வரம்பைத் தாண்டிக்கொள்ள விதி அனுமதிக்கிறது. அவர் ஆடத் தயாராகும் நாளில்தான் தலைவலி. யாரையாவது அனுப்பியாக வேண்டும்.

அக்கா: அங்கே நல்ல சென்டர் இல்லாததுதான் குறை. கோடையில் மான்ட்ரியாலிடம் தோற்றபோதே தெரிந்தது.

தம்பி: எந்த அணி அவர் கேட்கும் அறுவைக்குச் சரி என்று சொல்கிறதோ, அங்கே போகட்டும். எனக்கு இப்போது அவர் ஆடுவதைப் பார்த்தால் போதும்.

அக்கா: நீ இப்படிச் சொல்வாய் என்று நினைக்கவில்லை. நல்ல பிள்ளை.

*வியாழன், 4 நவம்பர் 2021*

அத்தை: எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்துகள்! சின்னவர்கள் எல்லோரும் எண்ணெய் தேய்த்துக் குளித்தாயிற்றா?

அக்கா: வாழ்த்துகள் அத்தை, மாமா!

அண்ணா: முடிந்தது. வேகாஸ்.

நான்: என்ன முடிந்தது??

அண்ணா: ஐக்கல் வேகாஸுக்கு. நமக்கு அலெக்ஸ் டக், பேடன் கிரெப்ஸ், 2022 முதல் சுற்றுத் தேர்வு, 2023 இரண்டாம் சுற்றுத் தேர்வு. நாம் ஐக்கலோடு 2023 மூன்றாம் சுற்றுத் தேர்வும் தருகிறோம். முதல் சுற்றுத் தேர்வு முதல் பத்துக்குள் விழுந்தால் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். சம்பளத்தில் நாம் ஒரு டாலரும் ஏற்கவில்லை.

பெரிய மாமா: அறுவை?

அண்ணா: அவர் கேட்ட செயற்கை வட்டுதான். வேகாஸ் சம்மதித்துவிட்டது.

அக்கா: அப்பாடா. எட்டு மாதம் அந்தக் கழுத்தோடு காத்திருந்தார். விலை, பூட்டு, வரம்பு எல்லாம் பேசினோம். ஆனால் சரி என்று ஒருவர் சொன்னதும் வழி திறந்துவிட்டது பாருங்கள்.

தம்பி: 375 ஆட்டம், 355 புள்ளி. ஒரு பிளேஆஃப் ஆட்டம் இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நான்: எனக்கும்தான். 2015 டிராஃப்டில் முதலாவதாகப் போன மெக்டேவிட்டுக்கு அடுத்து இவர் நமக்குக் கிடைத்தபோது எவ்வளவு கனவு கண்டோம்.

பெரிய மாமா: லாஃபான்டெய்னுக்குக் கிடைத்ததைவிட இது எவ்வளவோ மேல். ஆடம்ஸ் பொறுமையாக இருந்தது வீண் போகவில்லை. ஆனால் கழுத்து வலியோடு இருப்பவரை இவ்வளவு நாள் காக்க வைத்தது சரியில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

தம்பி: டக் நன்றாக ஆடுவாரா?

அண்ணா: பெரிய உடம்பு, நல்ல வேகம். சிரக்யூஸ் பக்கத்துப் பையன், சின்ன வயதிலிருந்தே சேபர்ஸ் ரசிகர். வருடத்துக்கு 47.5 லட்சம் டாலர், ஐக்கலுடைய ஒப்பந்தம் முடியும் அதே 2026 வரை. இங்கே வர ஆசைப்படுகிற ஒருவர் வருகிறார். இந்த அணிக்கு அது சாதாரண விஷயமில்லை.

நான்: கிரெப்ஸ்?

அண்ணா: 2019இல் 17ஆவது தேர்வு. டிராஃப்டுக்குக் கொஞ்ச நாள் முன்னால் குதிகால் தசைநாணில் காயம், இல்லையென்றால் இன்னும் முன்னாலேயே எடுத்திருப்பார்கள். சென்டர். பொறுமையாக வளர்த்தால் வருவார்.

அத்தை: டக் எப்போது ஆடுவான்? நாங்கள் வரும்போது இருப்பானா?

அக்கா: அவரும் காயத்தில்தான் இருக்கிறார் அத்தை. ஜூலையில் தோளில் அறுவை. ஆறு மாதம் போல் ஆகும் என்றார்கள்.

பெரிய மாமா: அப்படியானால் ஜனவரியில் ஒரு ஆட்டத்துக்கு டிக்கெட் பார். நம் எல்லோருக்கும் சேர்த்து. பணம் நான் அனுப்புகிறேன்.

தம்பி: சரி மாமா. கீழ் வரிசையா, மேல் வரிசையா?

பெரிய மாமா: கீழே. பக் (அவர்கள் அடித்து ஆடும் ரப்பர்த் தட்டு) கண்ணாடியில் மோதுவது காதில் விழ வேண்டும்.