ஒன்பது பேர் சேர்ந்து ஓவிய விற்பனை: பணம் பிரிப்பது, படம் மாட்டுவது

கடலூர்_தூரிகை:
கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் ஓவியர்கள் ஆறு பேர், வில்லியனூர் சுடுமண் கலைஞர்கள் மூன்று பேர். புதுச்சேரி கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு கூடம் எடுத்து, இரண்டு நாள் சேர்ந்து விற்கப் போகிறோம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. நவம்பரா, பொங்கல் கழிந்தா? செலவையும் வரவையும் எப்படிப் பிரிப்பது?

கல்லாப்பெட்டி:
நவம்பர் வேண்டாம், வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும். பொங்கலுக்குப் பிறகு வையுங்கள்.

செலவை முழுக்கச் சமமாகப் பிரித்தால் குறைவாக விற்றவர் அடுத்த முறை வரமாட்டார். முழுக்க விற்பனை விழுக்காட்டில் வைத்தால் நிறைய விற்றவர் முகம் சுளிப்பார். பாதிக்குப் பாதி வையுங்கள். மொத்தச் செலவு 36,000 என்றால் ஆளுக்கு 2,000 முன்பணம். மீதி 18,000 விற்பனையில் 15 விழுக்காடாக வரட்டும். அதற்கு 1,20,000 விற்றாக வேண்டும். துண்டு விழுந்தால் யார் போடுவது என்பதை முன்கூட்டியே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கூட்டு முறிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

எல்லாப் பணத்தையும் ஒருவர் சேமிப்புக் கணக்கில் வாங்காதீர்கள். வருமான வரிக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டிவரும். ஒன்பது பேரின் கியூஆர் அட்டைகளையும் ஒரே மேசையில் வையுங்கள். ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு குறி (அ-07, ஆ-03 என்று). பில் மூன்று படி: வாங்கியவருக்கு, கலைஞருக்கு, மேசைக்கு. மேசையில் எப்போதும் இரண்டு பேர். தன் படத்துக்குத் தானே பில் போடக் கூடாது. பேரத்தில் 10 விழுக்காடு வரை மேசையே குறைக்கலாம், அதற்கு மேல் கலைஞரைக் கேட்டுத்தான். ஒருவர் பாதி விலைக்கு இறங்கினால் பக்கத்துப் படங்களின் விலையும் சேர்ந்து விழும்.

இன்னொன்று: ஜிஎஸ்டி கணக்கில் கடலூர்க்காரர்களுக்குப் புதுச்சேரி வேறு மாநிலம் மாதிரி. ஆடிட்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

பிரேம்_கட்டுபவர்:
ஆணி அடிக்காமல் மாட்டத் தட்டி கட்டிக்கொள்ளுங்கள். பந்தல்காரரிடம் 7 அடி சவுக்குக் கழி கிடைக்கும். இரண்டு கழிகளுக்கு நடுவே 6க்கு 4 அடி வெல்டுமெஷ் கம்பி வலையைக் கட்டுக்கம்பியால் முறுக்கி, மேலே வெளுக்காத காடாத் துணி போர்த்துங்கள். துணியைத் துளைத்து எஸ் கொக்கி மாட்டலாம். தட்டிகளை நேர்வரிசையில் நிறுத்தினால் கடல்காற்றில் சாயும். மூன்று மூன்றாக வளைத்து வளைத்துக் கட்டுங்கள், தானே நிற்கும். படத்தின் நடு தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் இருக்கட்டும்.

நீர்வண்ணப் படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும், தாளும் நெளியும். படமும் கண்ணாடியும் ஒட்டாமல் இருக்க நடுவே மவுன்ட் போர்டு (படத்தைச் சுற்றி வைக்கும் கெட்டி அட்டை) கட்டாயம். பிரேமின் பின்பக்க இடுக்கை டேப்பால் அடையுங்கள். மின்விசிறியைப் படத்தின் பக்கம் திருப்பாதீர்கள்.

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள். அதற்குள் சரக்கை இறக்கிவிடுங்கள்.

கடலூர்_தூரிகை:
பாதிப் பாதி கணக்கு எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. வெளிநாட்டவர் வாங்கினால் எப்படிக் கட்டிக் கொடுப்பது?

பிரேம்_கட்டுபவர்:
கேன்வாஸைச் சட்டத்திலிருந்து கழற்றி, வண்ணம் வெளிப்பக்கம் வருமாறு சுருட்டுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் வண்ணம் நெரிந்து வெடிக்கும். 4 அங்குலத்துக்குக் குறையாத பிவிசி குழாயைச் சுற்றிச் சுருட்டுவது நல்லது. பப்பிள் ராப்பை நேராக வண்ணத்தின்மேல் வைத்தால் குமிழ்த் தடம் பதியும், இடையில் பட்டர் பேப்பர் வையுங்கள். அக்ரிலிக் வண்ணத்துக்கு இது ரொம்ப முக்கியம், வெயிலில் இளகிவிடும்.

மண்_கை:
சுடுமண் பொம்மை உள்ளே கூடாக இருந்தால் அந்தக் கூட்டுக்குள்ளும் தாளைக் கசக்கித் திணியுங்கள். பெட்டிக்குள் சுற்றிலும் 2 அங்குல இடைவெளி விட்டு வைக்கோலோ தாளோ அடையுங்கள். காது, துதிக்கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகளைத் தனியாகச் சுற்றிவிட்டுப் பிறகு முழுதாகச் சுற்றுங்கள்.

பில்லில் கலைஞர் பெயர், செய்த ஆண்டு, 'புதிய வேலை' என்ற குறிப்பு மூன்றும் இருக்கட்டும். 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பங்களை நாட்டைவிட்டு எடுத்துப்போக 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை உண்டு. பழுப்பேறிய மண் சிலையைப் பார்த்து விமான நிலையத்தில் சந்தேகப்பட்டால், வாங்கியவர் காட்ட அந்த பில் கையில் இருக்கும்.