வரவேற்பறைச் சுவரில் திப்புவின் உடலா?

கடற்கரைவீதி:
வெள்ளவத்தையில் அத்தான் ஒரு விருந்தினர் விடுதி திறக்கிறார். வரவேற்பறைக்குக் கையால் வரைந்த பெரிய எண்ணெய் வர்ணப் படம் வேண்டுமாம். அவர் பிடித்திருப்பது ஸ்கொட்லாந்து ஓவியர் டேவிட் வில்கி 1839இல் முடித்த படம். மைசூரை ஆண்ட திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் ஆங்கிலேயரிடம் விழுந்த 1799 மே 4ஆம் திகதி இரவு, ஆங்கிலேய ஜெனரல் பெயர்ட் திப்பு சுல்தானின் உடலைக் கண்டுபிடிக்கும் காட்சி. மூலப்படம் ஸ்கொட்லாந்தில். வில்கி 1841இலேயே இறந்துவிட்டதால் பிரதி எடுக்க உரிமைச் சிக்கல் இல்லை. எனக்கும் அந்த இருட்டும் விளக்கு வெளிச்சமும் பிடித்திருக்கிறது, ஆனால் அக்கா ஒரேயடியாக வேண்டாம் என்கிறா. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வன்னிமகள்:
அக்கா சொல்வதுதான் சரி. அந்தப் படத்தை வரையச் சொல்லிக் காசு கொடுத்தது பெயர்டின் மனைவி, அவர் விதவையான பிறகு. வில்கி இந்தியாவுக்கு வந்ததே இல்லை, சம்பவம் நடந்து 40 வருடம் கழித்து வரைந்தார். வென்றவன் நடுவில் வெளிச்சத்தில் நிமிர்ந்து நிற்கிறான், தோற்றவன் காலடியில் கிடக்கிறான். அந்த இரவும் அடுத்த நாளும் பட்டணம் முழுக்க நடந்த கொள்ளை அதில் எங்கே? கொள்ளையில் போன திப்புவின் மரப்புலி இன்றைக்கும் லண்டன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இதைக் காசு கொடுத்து மறுபடி வரைவித்து, வருகிற போகிற ஆட்களை அதன் கீழே உட்கார வைக்கப் போகிறீர்களா?

தூரிகை:
பிரதி வரைந்துதான் நான் சாப்பிடுகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். தங்கச்சி, கையால் பிரதி செய்கிறவன் அந்தப் படத்தைப் பார்க்கிற மாதிரி வேறு யாரும் பார்ப்பதில்லை. கட்டம் போட்டு ஒவ்வொரு கட்டமாக இறங்கி வரும்போது பெயர்டின் காலடியில் ஒரு கம்பி அழி தட்டுப்படும். சும்மா பார்க்கிறவர் கண்ணுக்கு அது இருட்டோடு இருட்டு. அது சிறையின் அழி. 1780இல் பொள்ளிலூர்ச் சண்டையில் திப்புவின் பக்கத்தாரிடம் பிடிபட்ட பெயர்ட், 1784இல் விடுதலையாகும்வரை ஸ்ரீரங்கப்பட்டணத்தில்தான் அடைபட்டுக் கிடந்தார். வென்றவன் காலுக்குக் கீழேயே அவன் தோற்ற கதையை வில்கி வைத்திருக்கிறார். இருட்டைப் பிடிப்பது இன்னொரு பாடு. டியூபிலிருந்து நேரே கறுப்பை எடுத்துப் பூசினால் படம் செத்துப்போகும், பேர்ன்ட் அம்பர் கபிலமும் அல்ட்ராமரீன் நீலமும் கலந்து, மெல்லிசாக, ஒன்று காய்ந்த பிறகு மற்றதாக ஏற்றவேண்டும். வில்கியின் பிற்காலப் படங்கள் பலவற்றில் பிற்றுமன் என்ற தார் சேர்ந்த கபிலம் வெடித்துப்போயிருக்கிறது, அந்த வெடிப்பைப் பிரதியில் போடுவதா விடுவதா என்பதைக்கூட நாங்கள்தான் முடிவு செய்யவேண்டும். இவ்வளவும் செய்கிறவனைப் பார்த்து வெள்ளைக்காரனுக்கு விளம்பரம் எழுதுகிறான் என்றால் மனசு நோகும்.

வன்னிமகள்:
அண்ணை, உங்கள் கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மூலம் 11 அடிக்கு மேல் உயரம். விடுதிக்கு எவ்வளவு போடுவீர்கள், ஐந்து அடி? அந்த அழி அப்போது யாருக்குத் தெரியும்? வாளோடு நிற்கும் பெயர்ட் மட்டும் தெரிவான். உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் உங்களோடு போய்விடும், சுவரில் மிஞ்சுவது வெற்றி மட்டும்தான். இன்னொன்றும் சொல்கிறேன். முல்லைத்தீவில் கற்சிலைமடுவில் ஒரு கல் இருக்கிறது, 1803 ஒக்டோபர் 31இல் ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் ட்ரிபெர்க் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைத் தோற்கடித்த இடம் என்று. வென்றவன் பேர் கல்லில் இருக்கிறது, பண்டாரவன்னியனை நேரில் பார்த்து வரைந்த ஒரு படம்கூட எங்களிடம் இல்லை. எங்கள் பிள்ளைகள் கண்ணில் படுகிற போர்ப்படம் எல்லாம் அந்தப் பக்கத்துப் படமாகவே இருக்கவேண்டுமா?

புறக்கோட்டை வாசகன்:
படம் இல்லை என்பதற்காக இருக்கிற படத்தையும் மறைக்கச் சொல்வது எனக்கு ஒத்துவரவில்லை. கொழும்பில் இருக்கிறவர்களுக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் ஊரான் கதையும் இல்லை. இங்கே ஒல்லாந்தரிடம் சம்பளம் வாங்கிய சுவிஸ் கூலிப்படை, டி மெரோன் ரெஜிமென்ட், 1795இல் ஆங்கிலேயர் பக்கம் மாறியது, அடுத்த பெப்ரவரியில் கொழும்பும் கைமாறியது. அதே ரெஜிமென்ட் 1799இல் திப்புவுக்கு எதிராகச் சண்டை பிடித்தது. இதைப் படத்துக்குக் கீழே நாலு வரியில் எழுதி வைத்தால் எத்தனை பேர் நின்று வாசிப்பார்கள்!

வன்னிமகள்:
விடுதிக்கு வருகிறவர் சாவி வாங்க வருகிறார், வாசிக்க வரவில்லை. படம் கத்துகிற இடத்தில் நாலு வரி யார் காதில் விழும்?

போர்ப்படம்தான் வேண்டுமென்றால் பொள்ளிலூரைப் போடுங்கள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் திப்புவின் தகப்பன் ஹைதரும் திப்புவும் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பனிப் படையை நொறுக்கிய சண்டை. திப்புவே அதை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தன் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் வரைவித்தான். நடுவில் சிவப்புச் சட்டைக்காரர் சதுரமாக அடைபட்டு நிற்கிறார்கள், உள்ளே அவர்களின் தளபதி கேர்ணல் பெய்லி காயப்பட்டுப் பல்லக்கில், பக்கத்தில் வெடிமருந்து வண்டி பற்றி எரிகிறது. அதே சண்டையைக் காட்டும் ஒரு பழைய ஓவியம் 2022இல் லண்டனில் 6,30,000 பவுணுக்கு ஏலம் போனது. பெயர்ட் பிடிபட்டதும் அந்தச் சண்டையில்தானே, அண்ணை. நீங்கள் சொன்ன அழியின் கதை இதில் ஒளிந்து கிடக்கவில்லை, சுவர் முழுக்க இருக்கிறது.

தூரிகை:
அது நல்ல தேர்வுதான், மறுக்கவில்லை. ஆனால் வேலை வேறு. வில்கியில் முக்கால்வாசி இருட்டு, முகங்கள் கொஞ்சம். பொள்ளிலூரில் நூற்றுக்கணக்கான ஆட்கள், குதிரை, யானை, ஒவ்வொரு தலைப்பாகைக்கும் கோடு தெளிவாக விழவேண்டும். நிழல் போட்டு ஒப்பேற்ற முடியாது. 1854இல் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்தில் அந்தச் சுவரைத் திரும்ப வரைந்திருக்கிறார்கள், ஆக அதிலும் கும்பனிக் காலத்துக் கை பட்டிருக்கிறது என்பதையும் மறக்கவேண்டாம். நீளப் படம், ஐந்து அடிச் சதுரத்தில் அடக்கினால் எறும்புக் கூட்டமாகிவிடும். கூலி இரண்டு மடங்காவது வரும்.

கடற்கரைவீதி:
அத்தானிடம் காட்டினேன். கூலியைக் கேட்டதும் யோசிக்கிறார், பல்லக்கும் வெடிக்கிற வண்டியும் வருகிற நடுப்பகுதியை மட்டும் வரைய முடியுமா என்று கேட்கிறார்.

தூரிகை:
முடியும். சுவரின் அகலத்தையும் யன்னல் எந்தப் பக்கம் என்பதையும் அனுப்புங்கள்.

வன்னிமகள்:
நடுப்பகுதி மட்டும் என்றால் ஹைதரையும் திப்புவையும் வெட்டிவிடுவீர்களே. வென்றவர்கள் இல்லாத பொள்ளிலூர் வேண்டாம், அத்தானிடம் சொல்லுங்கள், முழுநீளத்துக்கும் காசு சேரும்வரை சுவர் வெறுமையாக இருக்கட்டும்.