வேளாங்கண்ணி சீசனில் பிள்ளைகளின் சேவை: பெற்றோர் கடிதத்துக்கு உதவுங்கள்

நாகப்பட்டினம் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளியில் என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) பொறுப்பில் இருக்கிறேன். ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணிக் கொடியேற்றம். செப்டம்பர் 8 வரை சாலையெல்லாம் பாதயாத்திரைக் கூட்டம். பிளஸ் ஒன் பிள்ளைகளைப் பகலில் தண்ணீர்ப் பந்தலில் நிறுத்த எண்ணம். அப்புறம் சிக்கல் முருகன் கோயில் வேல் வாங்கும் விழா, நாகூர் தர்காவின் கந்தூரி விழா. மூன்றுக்கும் போனால்தான் நியாயம். நீதிபோதனை வகுப்பில் அந்தந்த விழாவைப் பற்றிப் பேசவும் ஆசை.

சேவைக்கு யாரும் மறுப்பு சொல்லவில்லை. ஆனால் மதபோதனை, வழிபாடு என்று வந்தால் அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவுப்படி பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளைகளைச் சேர்க்க முடியாது. விருப்பமில்லாத பிள்ளை ஒதுங்கி நிற்கவும் கூச்சப்படக் கூடாது, அதுதான் என் கவலை.

இப்படி நடத்திய ஆசிரியர்கள் யாராவது இருக்கிறீர்களா? தமிழில் சம்மதக் கடித மாதிரி இருந்தால் இங்கேயே பகிருங்கள். குப்பை அள்ளும் வேலைக்குக் கையுறை எங்கே மலிவு என்றும் சொல்லுங்கள்.